மாஹிம் மாடியில் கேட்டது

தாராவியில் சந்துக்காரர்கள் பிரேமலதாவைச் சத்தக்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. சத்தத்தை அளப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. செம்பூரில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம். தண்ணீர், புகை, தூசி, இரைச்சல் என்று எதைச் சொன்னாலும் அளந்து அறிக்கை கொடுப்பார்கள். இரைச்சல் பிரிவு என்றால் அங்கே பிரேமலதாவும், அவள் தோளில் தொங்குகிற கறுப்புப் பெட்டியும், ஒரு மூன்றுகால் ஸ்டாண்டும்தான்.

அவள் அப்பா பூலோகம் பழைய எண்ணெய் டின்களை அடித்து நிமிர்த்தும் பட்டறையில் வேலை பார்த்தவர். நாற்பது வயதுக்குள் அவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் எல்லாரும் அவரிடம் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்தபோது, இவள் மட்டும் அவர் காதோரம் போய் மெதுவாகச் சொல்வாள். அது அவருக்குக் கேட்டதா, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மாட்டுங்காவில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் படித்து முடித்த கையோடு அவளுக்குச் செம்பூர் வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி சங்கரன் அவள் கையில் மீட்டரைக் கொடுத்து, அதன் முன்னால் நின்று ஒருமுறை கை தட்டினார். அவர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டு வம்சம். எந்தப் புது ஆளுக்கும் முதல் பாடம் அந்தக் கைத்தட்டல்தான்.

"என்ன காட்றது?"

அவள் எண்ணைச் சொன்னாள்.

"இப்போ அந்தச் சுவிட்சை மாத்து." மறுபடி தட்டினார். "இப்போ?"

எண் எங்கோ எகிறிப் போயிருந்தது. அவளுக்கு ஆச்சரியம். "ஒரே கைத்தட்டுதானே சார்?"

"ஒரே கைத்தட்டுதான். ரயில் சத்தம் மாதிரி நீளமா வர்றதை எந்த மீட்டரும் அளந்துடும். பட்டுனு வந்து பட்டுனு போறதே, அதைப் பிடிக்கறதுதான் கஷ்டம். மீட்டர் நிதானமா நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அது போயிடும். காது பிஞ்சுபோகும், மீட்டர் ஒண்ணுமே ஆகலேன்னு சொல்லும். நீ எப்பவும் தயாரா நிக்கணும், கேட்டியா?"

தயாராக நிற்பது அவளுக்குக் கைவந்துவிட்டது. பிரஸ் மெஷின், ஆணித் துப்பாக்கி, பாறை உடைக்கிற யந்திரம், தீபாவளிக்கு முன்னால் மைதானத்தில் பட்டாசு என்று எங்கே எது திடீரென்று வெடித்தாலும் தட்டினாலும் பிரேமலதாவை அனுப்புவார்கள்.

கணேசபாண்டியனைக் கட்டிக்கொண்டதும் அந்த வருஷங்களில்தான். அவன் கம்ப்ரசர் மெக்கானிக். தாராவிப் பட்டறைகளில் பெயின்ட் அடிக்கவும் ஆணி அடிக்கவும் காற்றுத்தான் வேண்டும். காற்றை அடைத்துவைக்கிற இரும்பு டேங்குகள் சந்துக்கு ஒன்று உண்டு. எது மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரே அறை. அவன், அவன் அம்மா முப்பிடாதியம்மாள், பிரேமலதா. பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக அவன் வாயைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

"இன்னைக்கி என்னத்த அளந்துட்டு வந்த?" என்பான் சாயங்காலம்.

"நாலு டமார், ஒரு டுமீல்."

"கிலோ எவ்வளவு?"

முப்பிடாதியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை, அந்த மார்ச் மாதம் வரைக்கும்.

அன்றைக்கு மாஹிமில் வேலை. ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு பழைய கட்டடத்துக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்கு இரும்புத் தூண் இறக்குகிறார்கள். சம்மட்டி விழுகிற ஒவ்வொரு தடவையும் அலமாரியில் பாத்திரம் ஆடுகிறது, பிள்ளைகள் திடுக்கிட்டு அழுகிறார்கள் என்று. பிரேமலதா மொட்டைமாடியில் ஸ்டாண்டை நிறுத்திக் காலையிலிருந்து சம்மட்டியை அளந்தாள். மத்தியானம் சாப்பாட்டு நேரம். யந்திரம் நின்றது. அதுதான் அவளுக்கு இன்னொரு முக்கியமான வேளை. சம்மட்டி இல்லாதபோது அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதையும் அளந்தால்தான் கணக்கு நிற்கும். ரயில், காக்கை, குக்கர் விசில் எல்லாம் அந்த இடத்துக்குச் சொந்தமான சத்தம், இருக்கலாம். ஆனால் யாரோ கல்யாணத்துக்கு வேட்டுப் போட்டாலோ, லாரி டயர் வெடித்தாலோ அது வந்துபோன சத்தம், கணக்கில் சேரக்கூடாது. அதற்கென்றே மீட்டரில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் கடைசிச் சில விநாடிகள் அழிந்துபோகும், அளவு அங்கேயே நின்றுவிடும். பிறகு தொடரலாம்.

கிழக்கேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின. கீழே ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. திரையில் எண் எகிறி இறங்கியது. பிரேமலதாவின் கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது.

எங்கேயோ டயர், என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து அளவைத் தொடரவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

போன் வந்தபோது அவள் கைகழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஒரு பட்டறையின் பேர் சொன்னாள், கம்ப்ரசர் டேங்கு வெடித்துவிட்டது என்றாள், உடனே வா என்றாள். பிரேமலதா மீட்டரை ஸ்டாண்டோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாஹிம் ஸ்டேஷன் பாலத்தின் மேல் ஓடினாள். பாலத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் அந்த மூன்று காலுக்கு விலகி வழிவிட்டார்கள். தாராவிப் பக்கம் இறங்கும்போது தூசியின் வாடை வந்தது. பட்டறைக்கு மேல்தகடு இல்லை. கணேசபாண்டியன் அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்றார்கள். எடுத்துப்போகும்போதே உயிர் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

கசிவு இருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் தேங்கித் துருவேறிக் காகிதமாகிப்போன டேங்கு. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே பிளந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "என்னா சத்தம்ங்கிற! மாஹிம் வரைக்கும் கேட்டிருக்கும்."

பிரேமலதா அப்போதுதான் தோளிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போன முதல்நாள், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து மாஹிம் பதிவைத் திறந்தாள். திரையில் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரு இடத்தில் கோடு இல்லை. நகம் வெட்டிப்போட்ட அளவுக்கு ஒரு வெள்ளை. நேரத்தைப் பார்த்தாள். போலீஸ் சொன்ன நேரம்தான். அதற்கு இந்தப் பக்கம் ஒரு ரயில். அந்தப் பக்கம் டிபன் டப்பா மூடி உரசிய கீச்சு. நடுவில் ஒன்றுமில்லை.

அந்த வெள்ளைதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை ஞாபகப்படுத்த அவள் படாத பாடு பட்டாள். தொம் என்றா, பட் என்றா? எதிரொலி இருந்ததா? காக்கை எழும்பியது நினைவிருந்தது, நாய் குரைத்தது நினைவிருந்தது. அவை எதற்காக எழும்பின, எதற்காகக் குரைத்தன என்பது மட்டும் வரவில்லை. பிழைப்பே சத்தம் என்று ஆனவளுக்கு, அவள் வாழ்க்கையின் மிகப்பெரிய சத்தம் காதில் தங்கவில்லை. அது போய்விட்ட மாதிரியும் இல்லை. எங்கேயோ கிளம்பி இன்னும் வந்துகொண்டே இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. சத்தம் அப்படியெல்லாம் சுற்றிக்கொண்டிருக்காது, ஒரு மைல் போவதற்குள் சுவரிலும் மரத்திலும் தேய்ந்து செத்துப்போகும் என்பது அவள் படித்த பாடம். படித்தது ஒரு பக்கம். கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போது பஸ் டயர் வெடித்தால், எல்லாரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தாராவிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். செம்பூரில் ஷட்டர் விழுந்தாலும் அந்தப் பக்கம்தான். திசை தெரியாத ஊரில் போய் நின்றாலும் அவள் கழுத்துக்கு அந்தத் திசை தெரிந்தது.

கட்டைவிரலும் வேலையை நிறுத்திவிட்டது. அளந்துகொண்டிருக்கும்போது எங்கேயாவது ஒரு வேட்டுச் சத்தம் வந்தால், பொத்தான்மேல் விரல் போய் நிற்கும். அமுக்காது. அது யாருடையது என்று தெரியாமல் எப்படி அழிப்பது? போன், ஆம்புலன்ஸ், ஒரு அழுகை என்று ஏதாவது வருகிறதா என்று காத்திருப்பாள். ஒன்றும் வராது. சத்தம் பதிவிலேயே கிடக்கும்.

சங்கரன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேசைமேல் அவளுடைய அறிக்கை ஒன்று திரும்பி வந்திருந்தது.

"பிரேமா, இந்த ஆஸ்பத்திரி வாசல்ல அளந்தது. நடுவுல இவ்வளவு பெரிசா ஒண்ணு நிக்கறதே, என்ன அது?"

"தெரியல சார்."

"தெரியலேன்னா எடுத்துடணுமோல்லியோ?"

"எடுக்க முடியல சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மாஹிம் பதிவை அவரும் பார்த்திருந்தார் என்பது அந்தப் பார்வையில் அவளுக்குத் தெரிந்தது. "கொஞ்ச நாள் வெளிவேலை வேண்டாம். உள்ள இருந்து மீட்டரெல்லாம் சரிபாரு," என்றார். கருணையோடுதான் சொன்னார். சத்தமே வராத அறையில் அவளை உட்காரவைத்தார்கள். அங்கே அந்த வெள்ளை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டில் வேறுவிதம். முப்பிடாதியம்மாள் அழுது ஓய்ந்துவிட்டாள். ஆனால் அரிசி களையும்போது, முறத்தைக் கவிழ்க்கும்போது, நினைத்துக்கொண்டாற்போலக் கேட்பாள்:

"ஏளா பிரேமா, அந்தச் சத்தம் எம்புள்ள காதுல எப்படி விழுந்திருக்கும்? பயந்திருப்பானோ?"

"தெரியல அத்த."

"சின்னப் புள்ளைல இடி இடிச்சா என் சேலைக்குள்ள வந்து ஒளிஞ்சிக்கிடுவான்."

பிரேமலதா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். நான் அதைக் கேட்டேன், கேட்டு அழித்துவிட்டுச் சோறு தின்றேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரே அறையில் இரண்டு பேர், இரண்டு வருஷத்துக்குமேல், அந்தக் கேள்வியை நடுவில் படுக்கவைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

பிறகு ஒரு வேலை வந்தது. தாராவியில் தோல்பை தைக்கிற ஒரு யூனிட். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்ப இரைச்சல் அறிக்கை வேண்டுமாம். முகவரியைப் பார்த்ததும் சங்கரன் வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அது அந்தச் சந்து. அந்தப் பட்டறை இருந்த இடத்திலேயே மாடி எழுப்பி வந்த யூனிட்.

"நானே போறேன் சார்," என்றாள் பிரேமலதா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே புதுச் சுவர், புது டியூப்லைட். பைகளுக்குப் பக்கிள் பதிக்கிற பிரஸ் ஒன்று மூலையில் நின்றது. பட். பட். ஒவ்வொரு அடியும் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அவள் சுவிட்சை மாற்றி வைத்துக்கொண்டு, பிரஸ் ஓட்டுகிறவரின் காதுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. டீ வந்ததும் வெளியே வந்து எதிர்த் திண்டில் உட்கார்ந்தாள்.

அங்கே ஒரு பெண் மடியில் பைகளைக் குவித்துவைத்து நூல் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேர் ஆபிதா, மேலப்பாளையத்துக்காரி. பேச வரும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது காதைக் கொடுத்தாள்.

"நீங்க அவரு வீட்டுக்காரிதானே? வரும்போதே தெரிஞ்சிக்கிட்டேன். நான் அன்னைக்கும் இந்தா, இங்கனதான் உக்காந்திருந்தேன்."

பிரேமலதா டீக் கிளாசைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுக்கா?"

ஆபிதா கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

"சத்தமா? சத்தமே கேக்கலியே."

"கேக்கலியா?"

"எல்லாரும் இதத்தான் கேக்காவ, சொன்னா நம்ப மாட்டேங்காவ. செவுரு வயித்த உப்புன மாதிரி இந்தப் பக்கம் வந்துச்சு. பொறவு ஒரே தூசி. எல்லாரு வாயும் அசையுது, ஒண்ணும் கேக்கல. காதுக்குள்ள ஙொய்ங்னு மட்டும் நிக்கி. எம்மவன் பைசான் இந்த வாசல்லதான் நின்னான், அவனும் 'உம்மா, எனக்கும் ஒண்ணும் கேக்கல'ன்னான். ஒரு வாரம் கழிச்சு இந்தக் காது தொறந்துச்சு. இது இன்னும் தொறக்கல."

"அப்போ உள்ள இருந்தவருக்கு?"

"நமக்கே கேக்கலியே மா. அவருக்கு எங்கன கேட்டிருக்கப் போவுது? தூரத்துல இருந்தவங்களுக்குத்தான் அது சத்தம்."

ஆபிதா மறுபடியும் நூல் நறுக்க ஆரம்பித்தாள். உள்ளே பிரஸ் மெஷின் ஓடத் தொடங்கியது. பிரேமலதா எழுந்திருக்க வேண்டும், ஆனால் எழுந்திருக்கவில்லை. பிரஸ்காரர் வாசலில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் முப்பிடாதியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரேமலதா பெட்டியைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள். முதலில் ஆபிதா சொன்னதைச் சொன்னாள். கிழவி ஆய்வதை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"அப்போ அவன் பயப்படல."

"இல்ல அத்த. அவுகளுக்குக் கேக்கவே இல்ல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

முப்பிடாதியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை, தோள் அசையவில்லை. அவள் முந்தானையை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பிரேமலதா மற்றதையும் சொன்னாள். மாஹிம் மாடி, காக்கைகள், பொத்தான். டப்பாவைத் திறந்து சாப்பிட்டது வரைக்கும் சொன்னாள்.

முந்தானை இறங்கியது. அடி விழும், இல்லை வசவு விழும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நீ கேட்டியா?" என்றாள் முப்பிடாதியம்மாள். குரல் மெலிந்து, ஏதோ ஊர்ச்செய்தி விசாரிக்கிற மாதிரி இருந்தது. "நெசமாவே உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அத்த. அவுகன்னு தெரியல."

"தெரியாட்டி என்னளா? நான் மில் ரோட்டுல காய் வாங்கிட்டு நின்னேன், வண்டிக் கூச்சல்ல எனக்கு ஒண்ணுமே கேக்கல. பெத்தவளுக்குக் கேக்கலியேன்னு நெஞ்சு அறுத்துக்கிட்டே கெடந்துச்சு. நம்ம வீட்டு ஆளு ஒருத்தி கேட்டிருக்கியே. ஊர்ல எவனோ கேட்டான்னு இல்லாம நீ கேட்டிருக்கியே."

"அழிச்சுட்டேனே அத்த."

"மிஷின்லதான அழிச்ச."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிரேமலதாவுக்கு வெளிவேலை திரும்பக் கிடைத்தது. விரலும் மெல்ல மெல்லப் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அமுக்குமுன் சத்தம் வந்த பக்கம் திரும்பி ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் அமுக்குவாள். சங்கரன் அதை ஒருநாள் நேரில் கண்டார். கண்டும் காணாததுபோல வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இன்னமும் சில நாட்களில், ரயிலில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது, யாரும் ஒன்றும் செய்யாமலே அவள் தோள் தூக்கிப்போடும். பக்கத்திலிருப்பவள் "க்யா ஹுவா?" என்பாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டுவாள்.

முப்பிடாதியம்மாளின் கேள்விதான் மாறிவிட்டது. "எப்படி இருந்துச்சுன்னு சொல்லு," என்பாள் இப்போது. பிரேமலதா ஒருநாள் பெரிய கதவை இழுத்துச் சாத்தின மாதிரி என்பாள். இன்னொரு நாள் மூட்டையை மாடியிலிருந்து போட்ட மாதிரி. இரண்டும் சரியில்லை என்று அவளுக்கே தெரியும். கிழவி மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொள்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்த மாடியக் காட்டு," என்றாள். முட்டி வலியோடு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினாள். புதுக் கட்டடம் எழும்பி நிற்க, பழைய கட்டடத்தின் வாட்ச்மேன் பிரேமலதாவை அடையாளம் தெரிந்து மேலே விட்டான். மாடியில் யாரோ வடாம் காயவைத்திருந்தார்கள். கடல் காற்று முதுகில் அடித்தது.

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

பிரேமலதா கையை நீட்டினாள். தண்டவாளம், அதற்கு அப்பால் தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், புகை. முப்பிடாதியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றாள். தலையைச் சற்றுச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிறவள் போல. ஒரு ரயில் போயிற்று. இன்னொன்று வந்தது. பிரேமலதா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, "வெயிலு ஏறுது, வா," என்றாள் முப்பிடாதியம்மாள். வடாத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு இருவரும் படிக்கட்டுக்கு நடந்தார்கள்.